வாசிகசாலைச் சுவரிலுள்ள திரிகைப் படம்

எமது சங்க வாசிகசாலைக்கு வருகின்ற அன்பர்கள், வாயிலுக்கு எதிரேயுள்ள சுவரில் சென்ற ஆண்டு முதலாகத் தொங்கும் பழைய புகைப்படமொன்றைக் கண்டிருப்பர். கறுத்த மரச்சட்டம், உள்ளே மங்கிப் பழுப்பேறிய படம். மண்சுவருக்கு முன்னே இரு பெண்கள் நிலத்தில் எதிரெதிராக அமர்ந்திருக்கின்றனர். நடுவே ஒரு திரிகைக் கல். அதன் மேற்கல்லிலே நாட்டிய கைப்பிடியை இருவரும் சேர்த்துப் பிடித்திருக்கின்றனர். ஒருத்தியின் அருகே தானியம் நிறைந்த சுளகு. சற்றுப் பின்னே, இடுப்பில் ஒன்றுமில்லாத ஒரு குழந்தை படப்பெட்டியை வெறித்து நோக்கியபடி நிற்கின்றது. நகரிலே பழம்பொருள் விற்கும் கடையொன்றில் இதனை எமது உறுப்பினர் ஒருவர் வாங்கிச் சங்கத்துக்கு அன்பளிப்பாகத் தந்தார். சட்டத்தின் பின்புறத்தில் ‘தானியம் அரைத்தல், இலங்கை’ என்று ஆங்கிலத்தில் மையினால் எழுதப்பட்டிருக்கின்றது. பெண்களின் பெயர் இல்லை. ஊர் இல்லை, ஆண்டு இல்லை, படம் பிடித்தவர் பெயர்தானும் இல்லை.

இப்படம் தொங்கிய நாளிலிருந்து எமக்குள்ளே வாக்குவாதம் ஓயவில்லை. “எங்கள் பாட்டிமார் பட்ட பாட்டைச் சட்டம் போட்டு அழகு பார்ப்பதா? வெள்ளைக்காரன் வேடிக்கைக்காக எடுத்த படம் எங்கள் சுவருக்கு எதற்கு?” என்பது வாலிபர் சிலரின் கட்சி. “இது நமது பழைய வாழ்வு, இதைக் கழற்றினால் பிள்ளைகளுக்குக் காட்ட வேறென்ன இருக்கிறது?” என்பது பெரியோர் பலரின் கட்சி. இரு கட்சியாரும் ஒரு காரியத்தை மட்டும் செய்யவில்லை. படத்தை உற்றுப் பார்க்கவில்லை. ஆகவே இவ்வாண்டு மலரிலே அதனைச் சற்று உற்றுப் பார்ப்போம் என்று துணிந்தோம்.

முதலில் பெயர். இக்கல்லை யாது பெயரிட்டு அழைப்பது என்பதிலேயே எமது சங்கத்தில் மூன்று அபிப்பிராயங்கள் உள. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் காரணமாகக் கண்டிக்கு வந்து இங்கேயே நிலைத்துவிட்ட பெரியவர், திரிகை என்பதைத் தவிர வேறு சொல்லை ஏற்க மறுக்கிறார். தோட்டத்திலே பிறந்து வளர்ந்த பெரியவர் திருவை என்கிறார். வர்த்தகக் குடும்பத்து அன்பரொருவர், தமது வீட்டில் அதனை எந்திரம் என்றே சொல்லிப் பழக்கம் என்கிறார். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்க்கு அது குரக்கன் கல. ஒரு கல்லுக்கு நாலு பெயர் இருப்பது கண்டியின் இயல்பைக் காட்டுகிறது. திரிகை என்ற சொல்லை இங்கே ஆளுகின்றோம். மற்றிரு பெரியோரும் பொறுத்தருள்க.

இக்கால வாலிபரிற் பலர் அம்மியைக் கண்டிருப்பர். திரிகையைக் கண்டவர் சிலரே. எனவே அதன் அமைப்பைச் சொல்வது தகும். வட்டமான இரண்டு கற்கள் ஒன்றின்மேலொன்றாக இருக்கும். கீழ்க்கல் அசையாது. அதன் நடுவிலே மரத்தாலோ இரும்பாலோ ஆன முளையொன்று நாட்டப்பட்டிருக்கும். மேற்கல்லின் நடுத்துளை அம்முளையிலே பொருந்தும். தானியத்தையும் அத்துளை வழியாகவே பிடிபிடியாக இடவேண்டும். ஓரத்திலுள்ள கைப்பிடியைப் பற்றிச் சுற்ற, தானியம் இரு கற்களுக்குமிடையே நசுங்கி, மாவாகி, விளிம்பைச் சுற்றிலும் வெளியே கொட்டும். கீழே விரித்த துணியிலோ ஓலைப்பாயிலோ அது வளையம்போலக் குவியும். கற்களின் உட்பக்கம் வழுவழுப்பாகிவிட்டால் தானியம் நசுங்காமல் வழுக்கும். அப்போது உளிகொண்டு கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். அம்மி பொளிகின்றவனே இதனையும் செய்வான். ஒருத்தி தனியாகவும் அரைக்கலாம். ஆயினும் கல் கனமானதாகையால், ஒருத்தி இழுக்க மற்றவள் தள்ள, இருவராகச் சுற்றுவதே வழக்கம்.

இனிப் படத்துக்கு வருவோம். சரஸ்வதி பூசையன்று வாசிகசாலைக்கு வந்த வயோதிப மாதா ஒருவர் இப்படத்தின் முன்னே சிறிது நேரம் நின்றார். தமது இளமையில் நாள்தோறும் திரிகை சுற்றியவர் அவர். பிறகு எம்மைப் பார்த்து, “இதுகள் அரைக்குதுகள் எண்டால் மா எங்க தம்பி?” என்று கேட்டார்.

எமக்கு நாணமாகப் போயிற்று. ஓராண்டாக இப்படத்தின் கீழே இருந்து வாதிட்ட எவரும் அதனைக் கவனிக்கவில்லை. கல்லைச் சுற்றி மாவே இல்லை. துணியுமில்லை, பாயுமில்லை. சுளகிலே தானியம் தலைதட்டி நிறைந்திருக்கின்றது. ஒரு பிடியும் குறையவில்லை. அன்றியும், மேற்கல்லின் விளிம்பிலுள்ள உளித் தழும்புகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன. சுற்றுகின்ற கல்லாயின் அவை மங்கிக் கலங்கியிருக்க வேண்டாமா?

இதற்கு விடை புகைப்படக் கலையின் சரித்திரத்திலே உள்ளது. 1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத் தகட்டு முறையே பின்னர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக எங்கும் வழங்கிற்று. கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, அது உலருமுன் படம் பிடித்து, உடனேயே இருட்டறையிற் கழுவவேண்டும். வெளிச்சம் நன்றாயிருந்தாலும் படமெடுக்கப் பல விநாடிகள் செல்லும். அத்தனை விநாடியும் ஆட்கள் அசையாதிருத்தல் வேண்டும். 1871இல் றிச்சர்ட் மடொக்ஸ் என்பவர் கண்ட உலர் தகட்டு முறை அவ்வாண்டுகளின் இறுதியிலே கடைச்சரக்கான பின்னரே, விநாடியின் சிறு பங்கிலே படம் பிடிக்க முடிந்தது. எமது படம் எம்முறையைச் சேர்ந்ததென்று சத்தியஞ்செய்ய மாட்டோம். பிந்திய முறையாயிருப்பினும் மாவில்லாத குறை மாவில்லாத குறைதான். ஆகவே அரைக்கும் பெண்களின் படம் என்று நாம் போற்றியதும் தூற்றியதும், அரைப்பதுபோல் இருக்கும்படி ஒருவர் சொல்ல, இருவர் அசையாது பிடித்துக்கொண்டிருந்த படமேயாம். அக்குழந்தைக்கு மட்டும் எவரும் ஒன்றும் சொல்லவில்லைப் போலும். அதன் ஒரு கால் கலங்கியிருக்கின்றது.

அக்காலத்தில் இத்தகைய படங்களுக்குக் குறைவில்லை. 1860களில் யோசப் லோற்றன் என்பவர் கண்டியிலே படநிலையம் வைத்திருந்தார். 1870–71இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை அரசாங்கத்துக்காகப் படம்பிடித்தவரும் அவரே. 1870களிலே சார்ள்ஸ் ஸ்கோவென் கண்டியில் நிலையம் நடத்தினார். 1867இலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியபின், உல்லாசப் பயணிகளும் தோட்டத் துரைமாரும் இவர்களுடைய படங்களை வாங்கி ஏடுகளில் ஒட்டிச் சீமைக்கு அனுப்பினர். மலைக்காட்சி, பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை ஆகியவற்றோடு ‘சுதேசிகளின் தொழில்கள்’ என்பதும் அக்கடைகளிலே ஒரு சரக்கு. 1890இல் கொழும்பிலே தொடங்கிய பிளாட்டே கம்பெனியார் பின்னர் இவற்றைத் தபாலட்டைகளாக அச்சிட்டுப் பரப்பினர். புகழ்பெற்ற யூலியா மாக்கிரெட் கமெரொன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மலைநாட்டிலே காலமாகும்வரை சில படங்களை எடுத்தார். இங்கிலாந்திலே அவர் படம்பிடித்த கவிஞர், விஞ்ஞானிகளின் பெயரெல்லாம் இன்றும் தெரியும். இங்கே களுத்துறையில் எடுத்த படங்களிலோ, ஆட்கள் பெரும்பாலும் ‘குடியானவர்’ என்றே நிற்கின்றனர். துரையின் குதிரைக்குப் பெயரிருந்த காலத்திலே குதிரைக்குக் கொள்ளு அரைத்தவளுக்குப் பெயரில்லை.

அப்படியாயின் இவ்விரு பெண்களும் யாவர்? ‘எங்கள் பாட்டிமார்’ என்று வாலிபர் சொன்னது மெய்யா?

கண்டி இராச்சியத்திலே திரிகை மிகப் பழையது. 1660இல் கொட்டியாரக் குடாவிலே இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டு, 1679இல் தப்பியோடும்வரை பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனிலே வெளியிட்ட தமது நூலில் குரக்கனைப் பற்றி எழுதியிருக்கின்றார். கடுகுபோற் சிறிய அத்தானியத்தை, வட்டமான இரு கற்களுக்கிடையே இட்டு, ஒரு கோலின் உதவியாற் கையினாற் சுழற்றி மாவாக்குவர் என்றும், அம்மாவினாற் செய்த அப்பம் பழக்கமில்லாதார் வயிற்றை நோகச்செய்யும் என்றும் கூறுகின்றார். தொப்பி பின்னியும் நெல் கடன்கொடுத்தும் கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தையிலே காலங்கழித்தவர் அவர். வயிற்றுநோவை அநுபவித்தே எழுதியிருப்பார். எமது சுவரிலுள்ள கல்லும் நொக்ஸ் கண்ட கல்லும் அமைப்பிலே ஒன்றுதான். குரக்கன் ஆபிரிக்காவிலே தோன்றிய தானியமென்பர். எனினும், ‘கொறகானா’ என்று தாவரநூலார் அதற்கிட்ட பெயர் எங்கள் குரக்கன் என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. இன்று சீனி வியாதிக்காரர்க்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் அக்குரக்கன், அன்று நெல் விளையாத மேட்டுநிலத்தில் ஏழைகள் காட்டைவெட்டிச் சுட்டுச் சேனையாக்கி விதைத்த உணவு.

அச்சேனைகளுக்கு என்ன நேர்ந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிகாட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொண்டது. சேனை நிலங்களும் அவற்றோடு போயின. அந்த மலைகளிலே கோப்பி நாட்டினர். கோப்பிக்கு ஆட்கள் வேண்டியிருந்தமையால், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து எமது மக்கள் கங்காணிகளின் பின்னே மன்னாரிலிறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கால்நடையாய் வந்தனர். வழியிலே மடிந்தவர் பலர். தலையிலே ஒரு மூட்டை, இடுப்பிலே ஒரு பிள்ளை. திரிகையையோ அம்மியையோ சுமந்து அவ்வழி நடக்க யாரால் முடியும்? ஊர்க்கல் ஊரிலேயே நின்றுவிட்டது. தோட்டத்திலே அவர்களுக்குக் கிடைத்த தானியமும் பெரும்பாலும் இறக்குமதி அரிசி. சம்பளத்திலே கழித்துக்கொண்டு தோட்டக் களஞ்சியத்திலிருந்து அளந்துகொடுத்தார்கள். அரிசி உண்பவருக்கு நாள்தோறும் வேண்டியது அம்மி. திரிகை உழுந்து உடைக்கவும், பலகாரத்துக்கு மாவரைக்கவும் எப்போதாவதுதான் வேண்டும்.

ஆகவே எமது எண்ணத்தைச் சொல்லிவிடுகின்றோம். படத்திலுள்ளது லயமன்று, தனிக் குடிசை. சுளகிலுள்ளது அரிசியைவிடச் சிறிய மணி. இவ்விருவரும் தோட்டத்துப் பெண்களாயிருப்பதிலும் கண்டியக் கிராமத்துப் பெண்களாயிருப்பதற்கே இடம் அதிகம். இதைக் கேட்டதும், படத்தைக் கழற்றவேண்டுமென்ற வாலிபருக்குச் சிறிது ஏமாற்றமுண்டாயிற்று. வைக்கவேண்டுமென்ற பெரியோருக்கும் அவ்வாறே. ஆனால் நினைத்துப் பாருங்கள். அக்குடிசையின் சேனையைக் கொண்டுபோன அதே கோப்பிதான் எமது முன்னோரை இம்மலைக்குக் கொண்டுவந்தது. 1869இலே காணப்பட்ட இலைநோயினாற் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் நிலம் கிராமத்தாருக்குத் திரும்பவில்லை. எமது மக்களும் ஊர் திரும்பவில்லை. எங்கள் பாட்டிமார் அல்லர் என்பதற்காக இவ்விருவரையும் சுவரிலிருந்து இறக்க எமக்கு மனம் வரவில்லை.

எங்கள் பாட்டிமாரின் படத்தை வேறெங்கே தேடுவது? கூடையோடு தேயிலைச் செடி நடுவே சிரித்து நிற்கும் படம் உலகமெங்கும் தேயிலைப் பெட்டிகளிலே போய்ச் சேர்ந்தது. விடியுமுன் அவள் செய்த வேலையைப் படம் பிடிக்க வெளிச்சமில்லை. தப்பொலி கேட்குமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, அம்மியிலே சம்பல் அரைத்து, ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவிலே விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். மாலையிலே கொழுந்து நிறுத்து வந்தபின் மறுபடியும் அதே அம்மி. ஆண்கள் எங்கே என்று கேட்பீராயின், அடியேங்களும் ஆண்களே. விடைசொல்ல வாய் எழவில்லை. திருமணத்திலே மணமகளின் காலைப் பிடித்து அம்மியின்மேல் வைக்க மணமகன் குனிகின்றானே, அதுவே அவன் அம்மிக்கு அவ்வளவு அருகே சென்ற முதல் நாளும் இறுதி நாளுமாம்.

திரிகை எப்போது ஓய்ந்தது? மின்சார மில் வந்ததனால் என்று பலரும் கருதுவர். மலைநாட்டைப் பொறுத்தவரை அதற்கு முந்திய காரணமொன்று உண்டு. அது மாச் சாக்கு. 1942இலே பர்மா யப்பானியர் கைப்பட, பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா கொடுத்தார்கள். கடல்கடந்த ஆலைகளிலே ஏற்கெனவே அரைபட்டு வந்த மாவுக்குக் கல் எதற்கு? பஞ்சத்துக்கு வந்த ரொட்டி, பஞ்சம் போனபின்னும் போகவில்லை. 1980இலே திருகோணமலையில் மாபெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. இடையிலே 1970களின் நடுப்பகுதியில், மாவுக்கும் பாணுக்கும் விடியற்காலையிலே வரிசையில் நின்று, அரிசியும் கிடைக்காமல், தோட்டங்களிலே பட்டினியால் உயிர்கள் போன காலத்தை எமது பெரியோர் மறந்திரார். அன்று மரவள்ளியும் குரக்கனும் மறுபடி தேடப்பட்டன. மிக அண்மையில், 2022ஆம் ஆண்டு பங்குனி முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்று, காஸும் இல்லாதபோது, கண்டி நகரத்து மாடிவீடுகளிலேகூட அம்மி தேடினார்கள். பூச்சட்டி வைத்திருந்த அம்மியைக் கழுவி எடுத்த கதையை எமது உறுப்பினர் வீடுகளிலேயே கேட்டோம்.

ஆயினும் எத்தனையோ கற்கள் வேறு விதமாக ஓய்ந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலே நாடற்றவராக்கப்பட்ட எமது மக்களை, 1964 ஒக்டோபர் 30இல் ஒப்பமிடப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் பார்த்துப் பங்கிட்டது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிகுதி பின்னர் தீர்மானிக்க. எண்ணிக்கையிலே தாயும் மகளும் வெவ்வேறு பக்கம் விழுந்தனர். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்திலே பத்திரம் பெற்று, கோச்சியேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் சென்றவர்கள் பானை சட்டியைக் கட்டிக்கொண்டார்கள். அம்மியையும் உரலையும் கட்ட முடியவில்லை. லயத்து வாசலிலே அவற்றை விட்டு, “நீ வைத்துக்கொள் அக்கா” என்று அடுத்த காம்பராக்காரியிடம் ஒப்படைத்துச் சென்றதாகப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். நடந்து வந்தபோதும் கல் வரவில்லை, கப்பலேறிப் போனபோதும் கல் போகவில்லை.

கல் நின்றால் அதனோடு நிற்பது இன்னொன்றுமுண்டு: பாட்டு. இருவர் ஒரு கைப்பிடியைச் சுற்றினால் இழுப்பும் தள்ளலும் ஒத்துவர ஒரு தாளம் வேண்டும். தமிழிலே உலக்கைப் பாட்டுக்குப் பெருமை அதிகம். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலே வள்ளைப்பாட்டு இருக்கின்றது. மாணிக்கவாசக சுவாமிகள் சுண்ணமிடிக்கும் மகளிர் பாடுவதாக இருபது பாடல்களிலே திருப்பொற்சுண்ணம் அருளினார். தீர்த்தத் திருவிழாவன்று எமது சிவாலயங்களிலே சுண்ணம் இடிக்கையில் அதனை இன்றும் ஓதக் கேட்கலாம். திரிகைப் பாட்டுக்கோ மராட்டிய நாட்டுக்குச் செல்லவேண்டும். சனாபாய் என்னும் பத்தை தனியே அரைத்துக் களைத்தபோது, பண்டரிபுரத்து விட்டலனே எதிரே அமர்ந்து கல்லைச் சுற்றினான் என்பது அங்கே வழங்கும் ஐதிகம். எழுத்தறியாத அவ்வூர்ப் பெண்கள் விடியற்காலையிலே திரிகையடியிற் பாடிய ஓவிப் பாடல்களை, 1980களிலே ஹேமா ராயிர்கர் அம்மையாரும் கி புவாத்தவன் என்ற அறிஞரும் ஊரூராகச் சென்று திரட்டத் தொடங்கினர். திரட்டிய பாடல்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல். எம்மை மிகவும் கவர்ந்த செய்தி அதுவன்று. பாடியவளின் பெயர், ஊர் ஆகியவற்றையும் அவர்கள் எழுதிவைத்தனர் என்பதே.

எங்கள் மலையிலே எவ்வளவு போயிற்றென்று அளவிடவே இயலாது. மேற்சொன்ன மாதாவிடம் ஒரு பாட்டுச் சொல்லும்படி கேட்டோம். இரண்டடி சொன்னார், மூன்றாமடி வரவில்லை. “கல்லு இல்லாம எப்பிடி வரும்?” என்றார்.

அது காரணமாகச் சங்கச் செயற்குழு செய்த ஏற்பாடு இது. படம் சுவரிலேயே இருக்கும். அதன் கீழே, ‘இரு பெண்கள், பெயர் தெரியாது, கல் சுற்றவில்லை’ என்று எழுதி ஒட்டியிருக்கின்றோம். பக்கத்திலே ஒரு கொப்பி வைக்கப்பட்டிருக்கின்றது. தத்தம் வீட்டிலே அம்மியோ திரிகையோ உரலோ கையாண்ட பெண்களின் பெயர், பிறந்த ஊர் அல்லது தோட்டம், தெரிந்தால் ஆண்டு ஆகியவற்றை உறுப்பினர் அதிலே எழுதவேண்டும். இதுகாறும் நாற்பத்தொரு பெயர் சேர்ந்திருக்கின்றது. பாட்டியின் பெயரை எழுத வந்து, ‘அப்பாயி’ என்பதற்குமேல் தெரியாமல் வீட்டுக்குக் கேட்கப் போனவர்கள் ஏழு பேர். அவருள் ஒருவர் எமது செயலாளர்.

கப்பலேறிய குடும்பமொன்று விட்டுச்சென்ற திரிகையொன்றும் கிடைத்திருக்கின்றது. இத்தனை காலமும் அது ஓர் அன்பர் வீட்டுக் கிணற்றடியிலே துணி தப்பும் கல்லாக இருந்தது. முளையும் கைப்பிடியும் உளுத்துப் போயிருந்தன. கொய்யா மரத்திற் புதிதாகச் செய்து பொருத்தி, கல்லையும் கொத்துவித்தோம். ஆண்டு விழாவன்று காலை ஆறு மணிக்கு அம்மாதா வாசிகசாலைக்கு வருவதாக இசைந்திருக்கின்றார். எதிரே அமர்ந்து கைப்பிடியின் மறுபக்கத்தைப் பிடிக்க வாலிபர் இருவர், அதாவது ஆண்பிள்ளைகள், பெயர் கொடுத்துள்ளனர். சங்கச் செலவிலே ஒரு கொத்துக் குரக்கனும், கீழே விரிக்க ஒரு வெள்ளைத் துணியும் வாங்கி வைத்திருக்கின்றோம்.